வளைந்த அடி

ஜூன் 4

நாத்தனார் அவர்களுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. நான் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நீங்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் ஆஸ்பத்திரி ஷூ பிரிவில் என் காலுக்கென்றே அளவெடுத்து ஒரு ஜோடி செய்து தந்தீர்களே, அடிப்பாகம் படகு மாதிரி வளைந்து, முன்பக்கம் தரையில் படாமல் தூக்கிக்கொண்டு. "ராக்கர் ஷூ அண்ணி. உங்க கட்டைவிரல் மூட்டு தேஞ்சு போச்சு, நடக்கும்போது மடங்கினாதான் வலிக்குது. இது உருண்டு கொடுத்துடும், விரல் மடங்கவே வேண்டாம்" என்று பெரிய டாக்டர் கணக்காக விளக்கினீர்கள். நானும் நம்பினேன். பொய் சொல்ல மாட்டேன், முதல் மாதம் நன்றாகத்தான் இருந்தது. மில்லில் நூற்பு இயந்திர வரிசைகளுக்கு நடுவே நாள் முழுக்க நடப்பவள் நான். அறுந்த நூலை முடிந்துகொண்டே போக வேண்டும், உட்கார்ந்தால் அது வேலை இல்லை. அப்படி நடந்துவிட்டு வீட்டுக்கு வந்து, காலைத் தூக்கி நாற்காலியில் போடாமல் நேரே அடுப்படிக்குப் போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று பிய்த்து எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு உங்கள் ஷூ வெறும் பலகை ஆகிவிட்டது. தூக்கிக்கொண்டிருந்த முன்பக்கம் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டது. உருளுவது போய், ஒவ்வொரு எட்டுக்கும் கட்டைவிரலில் ஊசி ஏற்றுவது போல வலிக்கிறது, முன்பிருந்ததைவிட மோசமாக. மட்டமான ரப்பரைப் போட்டுவிட்டு, சொந்த அண்ணன் மனைவியின் காலில் சோதனை பார்த்திருக்கிறீர்கள்.

எலும்பு டாக்டரிடம் போனேன். "ஷூ போட்டுப் பாத்தாச்சு, பலனில்லை. இனிமே அந்த மூட்டை அசையாம இறுக்கிடறதுதான் வழி" என்றார். ஜூலை முதல் வாரம் ஆபரேஷன். அதன் பிறகு மூன்று மாதம் மில் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது. என்னை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்குவதாக இருந்தார்கள். மூன்று மாதம் எனக்காக யாரும் நாற்காலியைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கப் போவதில்லை.

உங்கள் பிரிவின் தலைமை அம்மாவுக்கு எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் புகார் அனுப்பிவிட்டேன். உங்கள் அண்ணன் "விடு, விட்டுடு" என்று முனகினார். ரத்த பாசம், வேறென்ன. கடைசியில் அதை அவரையே தபாலில் போட வைத்தேன்.

போன் செய்யாதீர்கள். நீங்கள் பேச ஆரம்பித்தால் மற்றவர்களுக்கு வாய் திறக்க வழி இருக்காது. சொல்ல ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

உங்கள் அண்ணன் மனைவி

ஜூன் 9

அண்ணி,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் சொல்லுவீர்கள். திடீரென்று மரியாதை வந்தபோதே கதவைச் சாத்திவிட்டீர்கள் என்று புரிந்தது.

புகார் வந்து சேர்ந்தது. தலைமை அம்மா என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து, அதை முழுவதும் சத்தமாகப் படித்தார். "சொந்தக்காரங்களுக்கே இப்படிப் பண்ணினா மத்தவங்களுக்கு எப்படிப் பண்ணுவே?" என்றார். இனி நான் நோயாளிகளின் காலைத் தொடக் கூடாது. பின்னறையில் உட்கார்ந்து உள்ளங்கால் அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன். வயிறு குளிர்ந்ததா?

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நான் வைத்த அடி இறங்காது. தேயும். தேய்ந்தால் இன்னும்தான் வளையும், தட்டையாகாது. தட்டையாகியிருக்கிறது என்றால் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள். தெருவில் செருப்பு தைப்பவரிடம் கொடுத்து "முன்னாடி தேஞ்சு போச்சு, சரி பண்ணிக் கொடுங்க" என்றீர்களா? புது ஷூவைப் பார்த்து, பாதி தேய்ந்ததைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து அப்படிச் செய்பவர்கள் உண்டு. பிறகு எங்களிடம் வந்து சண்டை போடுவார்கள். செய்திருந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்கு என் வேலையைத்தான் பலி கொடுக்க வேண்டும் என்றில்லை.

ஏணியில் ஏறினீர்களா? ஈரத் தரையில் நடந்தீர்களா? இது சமதரையில் நடப்பதற்கு. மற்ற இடத்தில் ஆட்டம் காட்டும் என்று சொன்னேன். நீங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினீர்கள்.

ஆபரேஷன் கெட்டது என்று சொல்ல மாட்டேன். வேறு வழி இல்லாதவர்களுக்கு அது நல்லதுதான். ஆனால் இறுக்கின மூட்டை மறுபடி அவிழ்க்க முடியாது. ஷூ பலன் தரவில்லை என்பதால் ஆபரேஷன் என்றால், ஏன் தரவில்லை என்று முதலில் பார்க்க வேண்டாமா? இரண்டு ஷூவையும் எனக்கு அனுப்புங்கள். துடைக்காமல், பாலிஷ் போடாமல், அப்படியே.

வலி விரலின் மேல்பக்கமா, கீழ்ப்பக்கமா? அதையும் எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூன் 14

நாத்தனார் அவர்களுக்கு,

பின்னறையில் உட்கார்ந்து வேலை பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் அந்த ஷூவை எந்தத் தைப்பவரிடமும் கொடுக்கவில்லை. ஏணி ஏறவில்லை. நீங்கள் சொன்னபடி முதல் வாரம் வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பழகி, பிறகுதான் மில்லுக்குப் போட்டுப் போனேன். டிவி பார்த்தால் காது கேட்காது என்று யார் சொன்னது?

தப்பை ஒத்துக்கொள்ள மனமில்லாதவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "நீ என்ன பண்ணினே?" என்பதுதான். எங்கள் மில்லிலும் மட்டமான பஞ்சைக் கொடுத்துவிட்டு நூல் ஏன் அறுகிறது என்று எங்களைத்தான் கேட்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

ஷூவை அட்டைப் பெட்டியில் கட்டித் திங்கட்கிழமையே உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். ஆபீஸ் போகும் வழியில் பார்சல் போட்டுவிட்டதாகச் சொன்னார். நன்றாகத் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு உங்கள் தலைமை அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஜூலை 2 ஆபரேஷன். வலி மேல்பக்கம்.

உங்கள் அண்ணன் மனைவி

ஜூன் 21

அண்ணி,

பார்சல் வரவில்லை. உள்ளூர்ச் சந்துக்கே வழி தெரியாத பார்சல்காரன்கூட இதற்குள் வந்திருப்பான். அனுப்பாத பார்சல் எப்படி வரும்? காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயம், அதுதானே?

நீங்கள் வேண்டாம் என்றும் கேட்காமல் போன் செய்தேன். அண்ணன்தான் எடுத்தான். நீங்கள் என்னிடம் பேசத் தயாராக இல்லை என்றான். பார்சலைப் பற்றிக் கேட்டதும், "அவ மனசு மாறிட்டா, அனுப்ப வேணாம்னுட்டா. இதைக் கிளறாதே" என்றான். மனசு மாறியதை ஒரு வரி எழுதிப் போடக் கை வரவில்லையா உங்களுக்கு?

வலி மேல்பக்கம் என்றால் விரல் மேல்நோக்கி மடங்கும்போது எலும்போடு எலும்பு இடிக்கிறது. உருளுகிற அடி இருந்தால் அது நடக்கவே நடக்காது. நான் பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப் போகிறது? போன வாரம் ஒரு வயதானவர் என்னைத் தேடி வந்தார், நான்தான் அவருக்கு அளவு எடுக்க வேண்டும் என்று. பின்னறைக் கதவை நானே சாத்திக்கொண்டேன்.

ஆபரேஷனைப் பத்து நாள் தள்ளிப் போடச் சொல்லுங்கள். உங்களுக்கு என் மேல் கோபம் இருக்கலாம். உங்கள் கால் மேல் என்ன கோபம்?

உங்கள் நாத்தனார்

ஜூன் 25

நாத்தனாருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ரத்தம் கொதித்தது. நான் அனுப்ப வேண்டாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் போன் செய்ததே எனக்குத் தெரியாது.

உங்கள் அண்ணனிடம் கேட்டேன். "போட்டேனே, எங்கயாவது சிக்கியிருக்கும்" என்றார். ரசீது எங்கே என்றால் சட்டையைத் துவைத்துவிட்டாய் என்கிறார். எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை. அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வீட்டைக் குடைந்தேன். பரண் மேல் பெரிய பெட்டிக்குள், போர்வைக்கு அடியில் இருந்தது நான் கட்டிய பார்சல், கட்டு அவிழாமல். கேட்டால், மறந்துவிட்டாராம், திட்டுவேன் என்று பயந்து ஒளித்து வைத்தாராம். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஊரார் காகிதத்தை எல்லாம் ஞாபகமாகப் பார்க்கிற மனுஷர். அவர் சுபாவம் உங்களுக்கே தெரியும், சத்தம் என்றால் ஆமை மாதிரி தலையை இழுத்துக்கொள்வார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

உங்கள் ஊருக்கு நூல் ஏற்றிப் போகிற எங்கள் மில் லாரி டிரைவரிடம் பார்சலைக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கையிலேயே தருவார். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை, ஆனால் வேண்டாம்.

தள்ளிப் போடச் சொல்கிறீர்கள். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டது. நான் போட்டேன், கீழே அவரும் போட்டார். பேனா எழுதவில்லை என்று பக்கத்து மேஜையில் வேறு பேனா வாங்கிப் போட்டார்.

உங்கள் அண்ணன் மனைவி

ஜூன் 28

அண்ணி,

டிரைவர் கீழே காத்திருக்கிறார். வேகமாக எழுதுகிறேன்.

ஷூ வந்தது. நான் வைத்த அடி அப்படியே இருக்கிறது, தேயக்கூட இல்லை. அதன் கீழே, விரல் பக்கத்தில், யாரோ வேறு ரப்பரை ஆப்பு மாதிரி சீவி ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு ஷூவிலும். தூக்கிக்கொண்டிருந்த இடத்தை நிரப்பி, பார்த்தால் சாதாரண ஷூ மாதிரி ஆக்கியிருக்கிறார்கள். உருளாத ஷூவில் கெட்டி அடி இருந்தால் அது சிறை, ஒவ்வொரு எட்டிலும் முழு பாரமும் அந்த மூட்டில்தான் ஏறும். நீங்கள் பலகை என்று எழுதியது சரிதான்.

இதைக் கேளுங்கள். என் ரப்பரும் அந்த ரப்பரும் சேரும் கோட்டின் மேல் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறது. செருப்பு தைப்பவர் யாரும் தன் வேலையைத் தானாக மறைக்க மாட்டார். மறைக்கச் சொன்னால்தான் மறைப்பார். நீங்கள் கொடுத்திருந்தால் உங்களிடமிருந்தே எதற்கு மறைக்கப் போகிறீர்கள்? ஆகவே உங்களைச் சந்தேகப்பட்டது தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்க இப்போது நேரமில்லை. நீங்களும் என்னைக் கொஞ்சமாகப் பேசவில்லை.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். பார்சலை ஒளித்தது யார், என் போனை மறைத்தது யார் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். மறதி, சுபாவம், ஆமை என்று பூசி மெழுகாதீர்கள். அவனோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் நான். செய்தது என் அண்ணன்தான்.

ஏன் செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் செய்ததைத் தெரிந்துகொண்டே, உங்கள் எலும்பை அறுக்கச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

ஜூலை 2 போகாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

ஜூலை 1

அடியே,

உன் கடிதத்தை மில் வாசலில் வாங்கி, இயந்திரங்களுக்கு நடுவே நின்றபடி படித்தேன். என் பக்கத்து வரிசையில் நூல் வரிசையாக அறுந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது உன் அண்ணன் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போடச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ஷூல ரப்பர் ஒட்டினது நீங்கதானே?" என்றேன். இல்லை என்று சொல்வார் என்று ஒரு மூலையில் ஆசை இருந்தது எனக்கு. அவர் கேட்டது, "யார் சொன்னா?"

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஏப்ரலில் அவர் மேலதிகாரி வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். நான் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு போனேன். "என்ன சார், உங்க வீட்டம்மா கப்பல்ல நடக்கற மாதிரி நடக்கறாங்க?" என்று எவனோ கேட்டானாம். எல்லாரும் சிரித்தார்களாம். இவரும் சிரித்தாராம். மறுவாரம் நான் ஊரில் அக்கா வீட்டுக்குச் சாதாரணச் செருப்போடு போயிருந்தபோது, ஷூவைச் செருப்பு தைப்பவரிடம் கொண்டுபோய் நிரப்பி, ஒட்டியது தெரியாமல் சாயமும் பூச வைத்திருக்கிறார். "முன்னாடி கொஞ்சம் நிரப்பினா என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். எல்லார் ஷூவும் அப்படித்தானே இருக்கு?" என்கிறார்.

சரி, மண்டையில் மூளை இல்லை, மானம் மட்டும் இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அவர் பார்த்தார். எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார், காலைப் பிடித்துவிட்டார். நான் உன்னைக் கண்டபடி திட்டித் தீர்த்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தார். அந்தப் புகாரைத் தபாலில் போட்டுவிட்டு வந்து சாப்பிட்டார்.

"ஆபரேஷன் வரைக்கும் போயிடுச்சே, அப்பவாவது வாயைத் திறக்கக் கூடாதா?" என்று கேட்டேன். என்ன சொன்னார் தெரியுமா? "ஆபரேஷன் பண்ணிட்டா வலியும் போயிடும், அந்த ஷூவும் தேவைப்படாது, எல்லாம் சரியாயிடும்னு நினைச்சேன்."

எல்லாம் சரியாகிவிடுமாம். என் எலும்பில் ஆணி அடித்து இவருடைய சங்கடத்தை மூட வேண்டுமாம். இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்கு நானே போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உன்னைப் பேசிய பேச்சை எல்லாம் எப்படித் திரும்ப வாங்குவது என்று தெரியவில்லை. தலைமை அம்மாவுக்குப் புகாரை ரத்து செய்யச் சொல்லி இன்றே எழுதுகிறேன். நானே தபாலில் போடுவேன்.

அண்ணி

ஜூலை 8

அண்ணி,

ஒட்டிய ரப்பரைச் சுரண்டி எடுத்துவிட்டேன். வேலை நேரம் முடிந்து நானே உட்கார்ந்து அடியைச் சரிசெய்தேன். டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முன்போலவே முதலில் வீட்டுக்குள் மட்டும் போடுங்கள், படியில் கைப்பிடியைப் பிடியுங்கள். இது தேய்ந்த மூட்டைப் புதுசாக்காது. வலியைத்தான் குறைக்கும். என்றாவது ஆபரேஷன் தேவைப்படலாம். அதை உங்கள் கால் சொல்லட்டும்.

அண்ணன் எனக்குப் போன் செய்தான். அழுதான். "நீ சொன்னா கேப்பா, கொஞ்சம் எடுத்துச் சொல்லு. சொந்தக்காரங்க யார்கிட்டயும் சொல்லிடாதே" என்றான். எனக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்கவில்லை. பின்னறைக்குத் தள்ளினார்கள் என்பது தெரியுமா என்று நானே கேட்டேன். "அது தற்காலிகம்தானே" என்றான். போனை வைத்துவிட்டேன். மறுபடி அடித்தான், எடுக்கவில்லை.

தற்காலிகம் இல்லை. தலைமை அம்மா உங்கள் இரண்டாவது கடிதத்தையும் படித்தார். "முதல்ல திட்டி எழுதினாங்க, இப்ப பாராட்டி எழுதறாங்க. குடும்பத்துக்குள்ள பேசிச் சமாதானமாயிட்டீங்க, அவ்வளவுதானே?" என்கிறார். சுரண்டி எடுத்த ரப்பரைக் காட்டினேன். நானே ஒட்டிச் சுரண்டியிருக்கலாமாம்.

எனக்கு உங்கள் மேலும் கோபம் இன்னும் போகவில்லை. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. ஷூவைத் திருப்பிப் பார்க்காமல், என்னை ஒரு வார்த்தை கேட்காமல், நேரே மேலே எழுதினீர்கள்.

வலி எப்படி இருக்கிறது?

உங்கள் நாத்தனார்

ஜூலை 17

அடியே,

கோபம் போகவில்லை என்றாய். போக வேண்டாம், வைத்துக்கொள். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஷூ வந்தது. வீட்டுக்குள் பழகிவிட்டு நேற்று மில்லுக்குப் போட்டுப் போனேன். வரிசை முழுக்க நடந்தேன். வலி முழுதாகப் போகவில்லை, ஆனால் அந்த ஊசி இல்லை. சூப்பர்வைசர் வேலைக்கு இன்னும் என் பெயர்தான் இருக்கிறதாம். அடுத்த மாதம் சொல்வார்கள்.

காகிதத்தில் எழுதினால் உன் தலைமை அம்மா நம்ப மாட்டார் என்பது புரிகிறது. சனிக்கிழமை நேரில் வருகிறேன். உன் அண்ணனும் வந்து, "நான்தான் பண்ணினேன், என் தங்கச்சி மேல தப்பில்லை" என்று அந்த அம்மா எதிரில் சொல்ல வேண்டும் என்றேன். அவர் முகம் செத்துப்போனது. "நீ போய்ச் சொல்லு, நான் வெளிய நிக்கறேன்" என்றார். முடியாது என்றேன். "அங்க வேலை செய்யறவங்க எல்லாம் இருப்பாங்களே, சிரிக்க மாட்டாங்களா?" என்றார். என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று மறுபடி சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னார்.

என் கால் போயிருக்கும், உன்னைப் பின்னறையில் தள்ளிவிட்டார்கள். இந்த மனுஷருக்கு இன்னும் அந்தச் சிரிப்புதான் கவலை. நான் கத்தவில்லை. கத்தி என்ன ஆகப் போகிறது? ஒன்று மட்டும் சொன்னேன். "சனிக்கிழமை வண்டிக்கு நேரத்தோட கிளம்புங்க. வரலைன்னா நான் மட்டும் போவேன். ஸ்டேஷனுக்கு ஆட்டோல போக மாட்டேன், நடந்துதான் போவேன்."

ஸ்டேஷனுக்கு எங்கள் வீட்டிலிருந்து சந்து வழியாகக் குறுக்கே போகலாம். நான் கடைத்தெரு வழியாகப் போவேன், அவர் ஆபீஸ் வாசலை ஒட்டி, எல்லாரும் டீ குடிக்க வெளியே நிற்கிற நேரத்தில், இதே ஷூவில், இதே கப்பல் நடையில், மெதுவாக.

அண்ணி